போர்மட் என்னும் பொல்லாத வைத்தியம்

எங்கள் ஊர்களில் கணினி வைத்தியர்கள் பெருகிவிட்டார்கள். மருந்து மட்டும் ஒன்றுதான். மின்சாரம் போய் வந்ததும் கணினி தன் அமைப்புகளையெல்லாம் மறந்துவிட்டதா? போர்மட். திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விட்டதா? போர்மட். திரையில் இருந்த கோப்புகளைக் காணவில்லையா? போர்மட். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றனவா? அதற்கும் போர்மட்தான். காய்ச்சலென்று வருபவனுக்கும் கால் சுளுக்கென்று வருபவனுக்கும் ஒரே கத்தியை எடுத்து ஒரே இடத்தில் வெட்டும் சத்திரசிகிச்சை நிபுணரை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வோம்? கணினிக் கடைக்காரரை மட்டும் இருபது, இருபத்தைந்து வருடங்களாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். கூலியும் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வெறுமையாகிப்போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

போர்மட் என்பது ஒரு மந்திரச் சொல்லாகப் புழங்கி வருவதால் அதன் பொருளை யாரும் கேட்பதில்லை. அழித்தல் என்பதே அதன் பொருள். கடைக்குப் போய் நிற்கும் ஒருவரிடம், "உங்கள் கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கப்போகிறேன், சம்மதமா?" என்று கேட்டால் நூற்றில் ஒருவர்கூடத் தலையாட்ட மாட்டார். "போர்மட் அடிக்கட்டா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

2025 ஐப்பசியில், இடியும் மின்னலுமாக இருந்த ஒரு பிற்பகல் நெளுக்குளத்தில் நிற்க நேர்ந்தது. வவுனியா நகரை விட்டு மன்னார் வீதியால் மேற்கே புறப்பட்டால், நகரின் ஆரவாரம் அடங்கத் தொடங்கும் இடத்தில் நெளுக்குளம் வருகிறது. இன்னும் கொஞ்சம் போனால் பம்பைமடு; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2009 இல் சனங்களை பஸ் பஸ்ஸாக ஏற்றிச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுபோனதும் இதே வீதியால்தான். அந்தச் சனங்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போக இடமில்லாமல் வவுனியாவைச் சுற்றியே வேரூன்றிவிட்டார்கள்.

நான் நின்ற இடம் ஒரு கொமினிகேசன் கடை. தொலைபேசி எடுக்கக் காசு கொடுத்து வரிசையில் நின்ற காலம் மலையேறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது அங்கே நிழற்பிரதி எடுப்பார்கள், தொலைபேசிக்கு ரீலோட் போடுவார்கள், கடிதங்கள் தட்டச்சுச் செய்து கொடுப்பார்கள். அக்கடைகளின் உண்மையான பெறுமதி அந்த மூன்றாவது வேலையில்தான் இருக்கிறது. காணி அனுமதிப்பத்திரம் தொலைந்ததற்கான விண்ணப்பம், பிரதேச செயலாளருக்கு முறைப்பாடு, வீட்டுத்திட்ட மேன்முறையீடு, பிறப்புப் பதிவுத் திருத்தம் என்று ஊரின் குறைகள் அனைத்தும் ஏதோவொரு கொமினிகேசன் கடையின் கணினியில் கோப்புகளாகக் கிடக்கின்றன. கச்சேரியில் இல்லாத பிரதிகூட அங்கே இருக்கும்.

அன்றைக்கு மின்சாரம் ஒரு தடவை சிமிட்டியது. அவ்வளவுதான். சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி வேகம்கூடக் குறையவில்லை. கணினி மட்டும் செத்துப் பிழைத்தது. பிழைத்து வந்தபோது திகதி பல வருடங்கள் பின்னால் நின்றது. திரையில் வழக்கமான படமில்லை, கோப்புகளில்லை, அச்சியந்திரத்தை அதற்குத் தெரியவில்லை, தமிழ் விசைப்பலகை போன இடம் தெரியவில்லை. கடைக்காரர் தலையில் கைவைத்தபடி, "ஐயா, இது எல்லாத்தையும் மறந்திட்டுது" என்றார். சற்று நேரத்தில் நகரத்துக் கடையொன்றிலிருந்து தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கணினியைத் திறந்து பார்க்கவில்லை. பொக்கற்றிலிருந்து பென்டிரைவை எடுத்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, போர்மட் அடிச்சுப் புது விண்டோஸ் போட்டுத் தாறன். உள்ளுக்க ஒண்டும் இல்லைத்தானே? பாருங்கோ, டெஸ்க்டொப் வெறுமையாத்தான் கிடக்கு."

வாசலில் அறுபதைக் கடந்த ஓர் அம்மா குடையை மடித்தபடி நின்றிருந்தார். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றிய மனுவின் பிரதியொன்று அவருக்குத் தேவைப்பட்டது. அந்த அம்மாவுக்கு மனு எழுதுவது புதிதல்ல. 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு எழுதினார். 2013 இல் வந்த பரணகம ஆணைக்குழுவுக்கு எழுதினார். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் எழுதினார். ஒவ்வொரு தடவையும் அதே பெயர், அதே திகதி, அதே இடம், அதே சாட்சிகள். மனுவோடு இணைக்க மகனின் நிழற்படம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதுவும் ஈரம் பட்டு முகம் கரைந்துபோய்விட்டது. சில வருடங்களுக்கு முன் அந்தக் கடையில் ஸ்கான் பண்ணி வைத்த பிரதிதான் மிச்சம். அது அந்தக் கணினியில் இருந்தது.

"தம்பி, கையை எடுங்கோ" என்றேன். சற்றுக் கடுமையாகத்தான் சொன்னேன்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அவருக்கு யார் சொல்லிக்கொடுக்கவேண்டுமோ அவர்கள் சொல்லிக்கொடுக்காததால், பத்திரிகைக்காரனாகிய நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, தங்கள் ஊர்க் கடைகளில் நடப்பதையும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

முதலில் அந்தச் சிமிட்டல். எங்கள் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 அலைகளாக வருகிறது. ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன், அதாவது செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு. மேசைக் கணினியின் மின்வழங்கி, வெளியே மின்சாரம் அறுந்தபின் ஏறத்தாழ 16, 17 மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. முழுதாக ஓர் அலை தவறினாலே அதற்கு மூச்சு முட்டிவிடும். எனவேதான் கண்ணுக்கே தெரியாத சிமிட்டலுக்குக் கணினி விழுந்தெழும்புகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டினார்கள். நாட்டின் வயிற்றில் அடித்த கொடுமை அது. ஆனாலும் நேர அட்டவணை இருந்தது. அட்டவணையைப் பார்த்துக் கணினியை ஒழுங்காக அணைத்துவிட்டு எழும்பிப் போகலாம். சொல்லாமற் கொள்ளாமல் வரும் அரைச் செக்கன் வெட்டுக்கு யார் அட்டவணை போடுவது? 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முற்பகலில் முழு இலங்கையும் ஒரேயடியாக மின்சாரமிழந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கு தொட்டதும் ஒரு தீவு முழுதும் அணையுமானால், குற்றவாளி குரங்கு மட்டும்தானா என்று அப்போதே பலரும் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் குரங்கு அணைத்த கணினியை மறுநாள் போர்மட் அடித்தவர் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது பின்னோக்கிப் போன திகதி. கணினியின் தாய்ப்பலகையில் ஐம்பது சதக் குற்றியைப் போல ஒரு மின்கலம் செருகியிருக்கும். சீஆர் 2032 என்பது அதன் பெயர். விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், எண்ணிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ற்று. வெளி மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓடவைத்திருப்பது அந்தக் குற்றிதான். ஐபிஎம் நிறுவனம் 1984 இல் வெளியிட்ட ஏற்றி என்னும் கணினியிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. கடிகாரத்தோடு சேர்ந்த அந்த மொட்டொரோலாச் சில்லின் ஞாபகசக்தி மொத்தம் 64 பைட். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்கவே 3 பைட் வேண்டும் என்பதால், ஓர் ஆளின் பெயரையும் ஊரையும் எழுதினாலே அது நிறைந்துவிடும். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

குற்றி இறந்துவிட்டாலும் பல மாதங்களுக்கு அது வெளியே தெரியாது. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை, கணினி அணைந்திருக்கையிலும் ஒரு சிறு மின்னோட்டம் உள்ளே ஓடிக் கடிகாரத்தைக் காப்பாற்றும். சுவர் மின்சாரமும் அறுந்த கணத்தில்தான் எல்லாம் மறந்துபோகும். அதனால்தான் மின்வெட்டே கணினியைக் கெடுத்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். மின்வெட்டு செய்ததெல்லாம் ஏற்கெனவே நடந்த மரணத்தை அறிவித்ததுதான். குற்றி பல நேரங்களில் ஒரு பணிஸ், ஒரு பிளேன்ரீயின் செலவுக்குள் வந்துவிடும் பொருள். அதை மாற்றித் திகதியைத் திருத்தினால் முக்கால்வாசிப் பேய் ஓடிவிடும். திகதி பிழையாக இருந்தால் இணையத்தளங்கள் திறக்காது; "இத்தளம் பாதுகாப்பற்றது" என்று உலாவி மிரட்டும். தளத்தின் சான்றிதழ் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை செல்லும் என்பதைக் கணினி தன் கடிகாரத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கடிகாரம் பொய் சொன்னால் உலகம் முழுதும் பொய்யாகத் தெரிகிறது. இதை வைரஸ் என்று சொல்லிப் போர்மட் அடித்த கதை எனக்குத் தெரியும்.

இதைவிட மோசமான ஒன்றுண்டு. அந்தக் குற்றி காக்கும் அமைப்புகளில் வன்தட்டோடு எந்த முறையில் பேசுவது என்பதும் ஒன்று. மறதி வந்ததும் தாய்ப்பலகை தனக்குத் தெரிந்த பழைய முறைக்குப் போய்விடும். விண்டோஸ் வேறு முறைக்குப் பழக்கப்பட்டிருக்கும். உடனே நீலத்திரை. "ஹார்ட் டிஸ்க் போயிட்டுது" என்பார்கள். தட்டு போகவில்லை, பயோஸ் அமைப்புக்குள் சென்று ஒரு வரியை முன்பிருந்தபடி மாற்றினால் கணினி ஒன்றும் நடவாததுபோல எழும்பி வரும். ஒரு வரி! அந்த ஒரு வரிக்காக எத்தனை பிள்ளைகளின் ஒப்படைகள், எத்தனை திருமண நிழற்படங்கள், எத்தனை கணக்குப் புத்தகங்கள் அழிந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி, மறைந்துபோன கோப்புகள். விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. திரையில் எந்தப் படம், எந்த விசைப்பலகை, எந்த அச்சியந்திரம் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், சில வேளைகளில் அது வாசிக்க முடியாதபடி பழுதடையும். பெரும்பாலும் விண்டோஸ் தன்னிடமுள்ள குறிப்பேட்டைப் பார்த்துத் தானாகவே சரிசெய்துகொள்ளும். முடியாதபோது என்ன செய்கிறது தெரியுமா? ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்து அதற்குள் உங்களை இருத்திவிடுகிறது. வீட்டுத் திறப்பு வளைந்துபோனதால் பக்கத்திலுள்ள வெற்று அறையில் தங்கவைப்பதற்கு ஒப்பானது அது. சுவரில் படமில்லை, அலுமாரியில் உடுப்பில்லை என்று அங்கே நின்று அழுதால் எப்படி? உங்கள் வீடும் தளபாடமும் பக்கத்திலே அப்படியே இருக்கின்றன. திரையின் மூலையில் ஓர் அறிவித்தலும் வரும். அதை எங்கள் ஆட்கள் வாசிப்பதில்லை. பெருக்கல் அடையாளத்தை அழுத்தி மூடிவிடுவார்கள்.

நெளுக்குளத்தில் நடந்தது இதுதான். சீ தட்டைத் திறந்து, பயனர்களின் அடைவுக்குள் போனோம். கடையின் பெயரோடு பழைய அடைவு அங்கே இருந்தது. மனுக்கள் வருடவாரியாக இருந்தன. அந்த அம்மாவின் மகன் வெள்ளைச் சேட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான். முதல் வேலையாக அந்த அடைவு முழுவதையும் ஒரு வெளித்தட்டில் பிரதி எடுத்தோம். இந்த ஒழுங்கு முக்கியமானது: முதலில் பிரதி, பிறகுதான் வைத்தியம். அதன்பின் கணினியை ஓரிரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். வைரஸ்காப்பு மென்பொருள் பதிவேட்டைப் பிடித்து வைத்திருந்திருந்தால் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால், விண்டோஸ் பதிவேட்டில் பயனர் பட்டியலுக்குள் பழைய கணக்கின் பெயரோடு பக் என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் திருத்தவேண்டும். அதுவும் முடியாவிட்டால் புதிய பயனர் கணக்கொன்றைத் திறந்து கோப்புகளை அதற்குள் மாற்றவேண்டும். எந்தப் படியிலும் அழித்தல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அந்தத் தற்காலிகக் கணக்கில் இருந்துகொண்டு புதிதாக எதையும் சேமிக்கக்கூடாது. வெளியேறியதும் விண்டோஸ் அவ்வறையைக் கூட்டித் துப்புரவாக்கிவிடும்.

மேசைக்கு அடியில் ஒரு யூபிஎஸ் கிடந்தது. அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. பிளக் பலகையாகத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பாடசாலைகள், அலுவலகங்கள் எல்லாவற்றிலும் இதே காட்சியைக் கண்டிருக்கிறேன். கணினிக் கூடம் திறந்துவைக்கும்போது நாடா வெட்ட ஆளுண்டு, பெயர்ப்பலகையில் பெயர் பொறிக்க ஆளுண்டு. மூன்று வருடத்தில் ஒரு பற்றரி மாற்ற ஆளுமில்லை, நிதியுமில்லை.

தமிழுக்கு என்று தனியாக ஒரு கேடும் இருக்கிறது. எங்கள் கொமினிகேசன் கடைகளிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன. பாமினியில் எழுதிய தமிழ், கணினியின் கண்ணுக்குத் தமிழல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. போர்மட் அடித்தபின் அந்தச் சட்டை இல்லை. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். கோப்பு பழுதாகிவிட்டது, வைரஸ் தின்றுவிட்டது என்று சொல்லி, எப்படியோ தப்பிப் பிழைத்தவற்றையும் அழித்துவிடுகிறார்கள். பாமினியைத் திரும்ப நிறுவினால் ஒரு நிமிடத்தில் தமிழ் திரும்பி வரும். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகளும் இருபது வருடங்களாக இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல கோப்பைப் பழுதென்று சொல்லி எறிவதற்கு என்ன பெயர்? நான் அதை அறியாமை என்று மட்டும் சொல்லமாட்டேன். பார்க்கச் சோம்பல்பட்டவனின் குற்றமும் அதில் இருக்கிறது.

இவ்விடத்தில் பழைய காலத்து ஞாபகம் ஒன்று வருகிறது. நான் பத்திரிகைக்குள் நுழைந்தபோது ஈய எழுத்துகளைக் கையால் கோத்துத்தான் பக்கம் தயாரித்தார்கள். இரவு வேளையில், கோத்து முடித்த பக்கம் கைதவறிக் கீழே விழுந்து எழுத்தெல்லாம் சிதறிப்போவதுண்டு. அன்றைய அச்சுக்கோப்பாளருக்கு அதைவிடப் பெரிய துன்பம் கிடையாது. ஆனால் சிதறிய எழுத்துகளை அள்ளி உலையில் போட்டு உருக்கியவர் எவரையும் நான் கண்டதில்லை. நிலத்தில் குந்தியிருந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, கானாவை கானாவின் அறைக்குள்ளும் மானாவை மானாவின் அறைக்குள்ளும் போடுவார்கள். விடியும்வரை போடுவார்கள். எட்டாம் வகுப்பும் தாண்டாத மனிதர்கள். எழுத்து சிதறியிருக்கிறது, தொலையவில்லை என்ற வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. "ஐயா, இரண்டு மணித்தியாலம் இருந்து பழுதைக் கண்டுபிடிச்சால், 'குற்றிதானே மாத்தினனீர், அதுக்கு இவ்வளவோ' எண்டு கேக்கிறாங்கள். போர்மட் எண்டால் கேள்வி கேக்காமல் காசு தாறாங்கள்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மை. மூளைக்குக் கூலி கொடுக்க எங்கள் சனத்துக்கு மனம் வராது. பொருளுக்குக் கொடுப்பார்கள், பொதி செய்து கொடுத்த வேலைக்குக் கொடுப்பார்கள்; யோசித்ததற்குக் கொடுக்கமாட்டார்கள். கட்டுரைக்குச் சன்மானம் கேட்டு வாழ்ந்தவன் என்ற முறையில் அந்தக் கடைக்காரரின் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வலிக்கு அந்த அம்மாவின் மகனுடைய படத்தை விலையாகக் கொடுக்க முடியாது. போர்மட் தேவைப்படும் இடங்களும் உண்டுதான். வன்தட்டு சாகக் கிடந்தாலோ, கொடிய நச்சுநிரல் ஊறியிருந்தாலோ அதைத் தவிர வழியிருக்காது. அப்போதும் பிரதி எடுத்தபின்தான்.

"இப்ப எல்லாம் மேகத்திலதானே இருக்கு" என்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களுடையது இருக்கலாம். கூகிள் இலவசமாகத் தருவது 15 கிகாபைட், மைக்ரோசொப்ட் தருவது 5. ஸ்கான் பண்ணிய மனுக்கள் நிறைந்த ஒரு கடைக்கு அது எத்தனை நாளைக்கு? கைபேசியிலிருந்து டேட்டா வாங்கிக் கணினிக்கு ஊட்டிக்கொண்டிருப்பவரிடம் மேகத்தைப் பற்றிப் பேசுவது, கிணறு வற்றிய கமக்காரனுக்கு மழையின் அழகை வர்ணிப்பதற்குச் சமம்.

பெரிய நிறுவனங்களும் கைசுத்தமானவையல்ல. முன்பெல்லாம் விண்டோஸ் தன் பதிவேட்டின் பிரதியொன்றைத் தானாகவே எடுத்து ஓர் அடைவில் வைத்துக்கொள்ளும். மூலம் பழுதானால் பிரதியை எடுத்துப் போட்டுக் கணினியை எழுப்பலாம். விண்டோஸ் 10 இன் 1803 ஆம் பதிப்போடு, அதாவது 2018 இல், மைக்ரோசொப்ட் அதை நிறுத்திவிட்டது. காரணம், தட்டில் இடத்தை மிச்சம்பிடிப்பது! விரும்பியவர்கள் திரும்ப இயங்கச்செய்யலாம் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நெளுக்குளத்துக் கடைக்காரர் அந்த ஆவணத்தை எங்கே போய் வாசிப்பார்? மின்சாரம் இடையறாது வரும் தேசத்தில் இருந்துகொண்டு எடுத்த தீர்மானம் அது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான ஆதரவையும் முடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து போர்மட் அடிக்கப் புதிய சாட்டொன்று கடைகளுக்குக் கிடைத்துவிட்டது.

புதிய கணினிகளில் வந்திருக்கும் ஆபத்து இவை எல்லாவற்றிலும் பெரியது. விண்டோஸ் 11 போட்ட கணினிகள் பலவற்றில் தட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. பிட்லொக்கர் என்பது அந்தப் பூட்டின் பெயர். களவு போனாலும் எவரும் வாசிக்க முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்வெட்டோடு தாய்ப்பலகையின் அமைப்புகள் மறந்துபோனால், "இது என் பழைய கணினியா?" என்று விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் கிடக்கும். எங்கள் ஊரில் கணினியை அமைத்துக் கொடுப்பவர் யார்? கடைத் தம்பி. எவருடைய மின்னஞ்சலில்? வாங்கியவருக்கு மின்னஞ்சல் இல்லாததால் தன்னுடையதில், அல்லது அந்த நேரத்தில் அவசரத்துக்குத் திறந்து அன்றே கடவுச்சொல்லை மறந்துபோன ஒன்றில். ஒருநாள் மின்சாரம் சிமிட்டும். திரை 48 இலக்கம் கேட்கும். தம்பி அதற்குள் கட்டாருக்கோ கனடாவுக்கோ போயிருப்பார். முன்பு சொன்ன பழுதுகளிலாவது பொறுமை இருந்தால் கோப்புகளை மீட்கலாம். இந்தப் பூட்டுக்கு எண் இல்லாவிட்டால் உலகத்தின் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே கணினியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களிடம், குறிப்பாக இதை வெளிநாட்டிலிருந்து வாசித்துக்கொண்டு ஊரிலுள்ள பெற்றோருக்கும் சகோதரங்களுக்கும் கணினி வாங்கப் பணம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பென்டிரைவைச் செருகுவதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள். பழுது என்ன? "செட்டிங்ஸ் போச்சு" என்பது பதிலல்ல. எந்த அமைப்பு, எதனால் போனது என்று அவர் சொல்லவேண்டும். பயனர் அடைவை எந்தத் தட்டில் பிரதி எடுத்திருக்கிறீர்கள், அதைத் திறந்து காட்ட முடியுமா? இந்தக் கணினியின் 48 இலக்க எண் எவருடைய கணக்கில் இருக்கிறது?

வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலுமாக இந்த மூன்று கேள்விகளையும் சில கடைகளில் கேட்டுப் பார்த்தேன். முதலாவதுக்குச் சிலர் பதில் சொன்னார்கள். இரண்டாவதுக்கு ஒருவர் தட்டைத் திறந்தே காட்டினார். அவருக்கு என் மரியாதை. மூன்றாவது கேள்விக்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை.